சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு கை கொடுங்கோ

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம். திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரம் விளையாட வாற சின்னப் பொடியன்களுக்காக, இங்கிலாந்தின்ர முதல்தர உதைபந்தாட்டப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்கமுதல் தமிழில் ஒரு சுவர்ப் பத்திரிகை எழுதுறன். 2025 ஓகஸ்ட் 15 முதல் ஆட்டம், லிவர்பூலும் போர்ன்மவுத்தும். எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 12.30.

முதல் பக்கம் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டாவுக்குத்தான். யூலை 3இல் கார் விபத்தில் தம்பியோட போயிட்டார். அவற்ற 20ஆம் இலக்கச் சட்டையை லிவர்பூல் இனி ஒருத்தருக்கும் குடுக்காது. கிளப் 20ஆவது பட்டம் எடுத்த வருசம் அது. போன கிழமை ஒரு பொடியன் பழைய பெனியன்ல மார்க்கரால 20 எண்டு எழுதிப் போட்டுக்கொண்டு வந்தான். வேர்வையில மை கரைஞ்சு முதுகெல்லாம் நீலம்.

ஆர்சனல் தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம், அதையும் எழுதுவன். ஆனா எனக்குப் பிடிச்ச கதை சண்டர்லாந்து அணியின்ரதான். மூன்றாம் பிரிவு வரைக்கும் விழுந்து, 8 வருசத்துக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்கு மேல வருகினம். மேல வாறதுக்கான கடைசி ஆட்டத்தில், லண்டன் வெம்பிளி மைதானத்தில் 95ஆவது நிமிசத்தில் அடிச்ச கோல்! கடந்த இரண்டு பருவமும் மேல வந்த மூன்று அணியும் உடனே கீழே போனது, இவை தப்புவினமோ?

ரெண்டு உதவி வேணும். கிளப்புகளின் செலவுக் கட்டுப்பாட்டு விதியைப் பத்து வயசுப் பிள்ளைக்கு விளங்கிற தமிழில் ஆராவது எழுதித் தாங்கோ. ஜெர்மன், சுவீடன் வீரர்களின்ர பெயர்களைச் சரியா உச்சரிக்கத் தெரிஞ்சவை குரல் பதிவு அனுப்புங்கோ. ஞாயிறுக்குள்ள கிடைச்சா பெரிய உதவி.