4625 கிலோஹெர்ட்ஸில் கேட்கும் உறுமல் எதற்காக?

சிற்றலைச்சித்தன்:
4625 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் ரஷ்யாவின் யுவிபி-76 சிற்றலை வானொலி நிலையத்தைக் கேட்டிருப்பீர்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 தடவை ஒரே உறுமல்; நிலையமோ சோவியத் காலத்திலிருந்தே இருக்கிறது. மாஸ்கோ அழிந்தாலும் அணு ஏவுகணைகளைக் கிளப்பிவிடும் 'பெரிமீட்டர்' அமைப்போடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதே என் முடிவு. வேறு எதற்காக இரவும் பகலும் ஒலிபரப்ப வேண்டும்?

அலைவாணி:
2010 ஜூனில் ஒரு நாள் அளவுக்கு அந்த உறுமல் நின்றே போனது. ஏவுகணை எதுவும் கிளம்பவில்லையே. 2001-ல் பின்னணியில் ஆட்கள் பேசிக்கொண்டதும் காற்றில் வந்தது. அங்கே ஆட்கள் பணியில் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எப்போதாவது உறுமலை நிறுத்திவிட்டு அழைப்புக்குறி, சில எண்கள், ஒரு ரஷ்யச் சொல் என்று வாசிக்கிறார்கள். படைப்பிரிவுகளுக்குப் போகும் உத்தரவின் வடிவம் அது. மற்ற நேரத்தில் அலைவரிசையை வேறு யாரும் பிடித்துக்கொள்ளாமல் உறுமல் காவல் காக்கிறது. கேட்பவருக்கும் தன் பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று தெரியும்.

சிற்றலைச்சித்தன்:
ஒரு நாள் நின்றதை வைத்துத் தொடர்பே இல்லை என்று எப்படிச் சொல்வது? பெரிமீட்டர் ஒரே ஒரு குறிப்பை நம்பி இயங்காது. நில அதிர்வு, கதிர்வீச்சு எல்லாவற்றையும் பார்க்கும் என்கிறார்கள்.

அலைவாணி:
அப்படியானால் இந்த உறுமல் அதற்குத் தேவையே இல்லையே!

வலைவாசி:
படைக்காக என்றால் சரி. ஆனால் ஒற்றர்களுக்காக வெறும் எண்களை வாசிக்கும் வானொலி நிலையங்கள் இன்று யாருக்கு? ஒற்றர்களுக்கு இணையம் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறையுடையது என்று பலரும் நம்பிய லிங்கன்ஷயர் போச்சர் என்ற எண் நிலையம் 2008-ல் மூடப்பட்டதே.

அலைவாணி:
இணையத்தில் எதைத் திறந்தாலும் தடம் விழும். வானொலி கேட்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று ஒலிபரப்புபவருக்கே தெரியாது. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் மட்டும் இருக்கும், ஒழுங்கற்ற எண்கள் கொண்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் சாவித்தாளில் குறியாக்கினால், தாள் கைக்குக் கிடைக்காதவரை எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையில் இருந்துகொண்டே கியூபாவுக்கு உளவு பார்த்த ஆனா பெலன் மான்டெஸ், அந்நாட்டின் எண்களைச் சிற்றலையில்தான் வாங்கினார். 2001-ல் பிடிபட்டார்.

வலைவாசி:
பிடிபட்டார் அல்லவா? அதைத்தான் சொல்கிறேன்.

அலைவாணி:
வானொலி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே சந்தேகம் விழுந்து வீட்டைச் சோதித்தார்கள். எண்களை எப்படி வாங்குவது என்ற குறிப்புகள் மடிக்கணினியில் அழிக்கப்பட்டும் மீட்கப்பட்டன. கேட்டதை அவர் கணினியில் போட்டதுதான் வினையாயிற்று. சோவியத்துக்கும் 1940-களில் இதே கதி: சில சாவித்தாள்களை மறுபடி பயன்படுத்தினார்கள், அந்தச் செய்திகளில் ஒரு பகுதியை அமெரிக்கர்கள் உடைத்தார்கள். முறை அப்படியேதான் இருந்தது, ஆட்கள்தான் தவறினார்கள்.

சிற்றலைச்சித்தன்:
வட கொரியா 2016-ல் எண் வாசிப்பை மீண்டும் தொடங்கியதே, அது?

வலைவாசி:
தென் கொரியாவை மிரட்டும் நாடகம். உண்மையான ஒற்றர் யாரும் கேட்டிருக்க மாட்டார்.

அலைவாணி:
நாடகமாகவும் இருக்கலாம், செய்தியாகவும் இருக்கலாம். வெற்று எண்களுக்கு நடுவில் நிஜச் செய்தியை வைத்தால் வெளியிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. அதனால்தான் எதிரி எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.