82-0, 18-0: முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் தொடர்ந்து கோல் அடிப்பது முறையா?

கேள்வி (நடுக்கோடு):

2008 செப்டம்பரில் லாத்வியாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியாவின் மகளிர் ஐஸ் ஹாக்கி அணி பல்கேரியாவை 82-0 என்ற கணக்கில் வென்றது. அறுபது நிமிட ஆட்டத்தில் அது சராசரியாக 44 வினாடிக்கு ஒரு கோல். பல்கேரியாவின் கணக்கில் கோல் முயற்சி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பதினேழு மாதங்கள் கழித்து அதே ஸ்லோவாக்கியா, வான்கூவர் ஒலிம்பிக்கில் தன் முதல் ஆட்டத்திலேயே கனடாவிடம் 18-0 என்று தோற்றது. ‘முற்பகல் செய்யின்’ என்று சொல்லத் தோன்றினாலும், பல்கேரியாவுக்கு அதனால் ஆறுதல் எதுவும் கிடைத்திருக்காது.

என் கேள்வி இதுதான்: முதல் பத்து நிமிடங்களிலேயே முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில், வலுவான அணி கடைசி வரை முழு வேகத்தில் ஆட வேண்டுமா, அல்லது ஒரு கட்டத்துக்கு மேல் தானாகவே கையை அடக்கிக்கொள்ள வேண்டுமா? விதிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. பத்துக் கோலுக்கு மேல் அடிக்கும் எதுவும் விளையாட்டில் சேராது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்துடன் சொல்லுங்கள்.

பதில் (மூன்றாம் வரிசை):

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நட்சத்திர வீராங்கனைகளை உட்கார வைத்தால் போதும் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், ஐஸ் ஹாக்கியில் ஒரு வரிசை (சேர்ந்து களமிறங்கும் வீராங்கனைகளின் குழு) ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே களத்தில் நின்றுவிட்டு அடுத்த வரிசைக்கு இடம் விடுகிறது. ஆகவே 18 கோல்களில் பாதிக்கு மேல் முன்னணி வீராங்கனைகள் அடித்தவையாகவே இருக்க வேண்டியதில்லை. மாற்று வீராங்கனையாக இருந்து, பெரிய ஆட்டங்களில் அதிக நேரம் பெஞ்சிலேயே கழிக்கும் ஒருத்திக்கு, இப்படிப்பட்ட ஆட்டம்தான் தன்னை நிரூபிக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அவளிடம் போய் ‘நீ கோல் அடிக்காதே’ என்று எந்தப் பயிற்சியாளரால் சொல்ல முடியும்? தவிரவும், தொடர்களில் கோல் வித்தியாசம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அடிக்க வாய்ப்பிருந்தும் அடிக்காமல் விட்டு, பின்னால் ஒரு கோல் குறைந்து வெளியேறும் அணிக்கு யாரும் நற்சான்றிதழ் தரப் போவதில்லை.

பதில் (பழைய நடுவர்):

கோல் வித்தியாசம் பற்றிச் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். ஐஸ் ஹாக்கியின் சர்வதேசத் தொடர்களில் இரண்டு அணிகள் சம புள்ளிகளில் நின்றால், முதலில் பார்க்கப்படுவது அவ்விரண்டும் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவுதான். பலவீனமான மூன்றாவது அணிக்கு எதிராகக் குவித்த கோல்கள் அங்கே பெரும்பாலும் பயன்படுவதில்லை. எனவே 18-0க்கு அந்தக் காரணம் பொருந்தாது.

புல்தரையில் ஆடும் ஹாக்கியில் நிலைமை வேறு. அங்கே புள்ளிகளும் வெற்றிகளின் எண்ணிக்கையும் சமமானால் அடுத்ததாகக் கோல் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய மகளிர் அணி சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் தலா 13-0 என்று வென்றது. தென் கொரியாவுடனான ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்ததால் அந்தக் கோல்கள் வீண் ஆடம்பரம் அல்ல. (பிரிவில் முதலிடம் பிடித்ததன் பலன், அரையிறுதியில் சீனாவைச் சந்தித்து 4-0 என்று தோற்றது என்பது தனிக்கதை.) ஜகார்த்தாவில் 2018இல் கஜகஸ்தானை 21-0 என்று வென்றதையும் இந்த விதியை மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும். அடிக்கச் சொல்வது விதியாக இருக்கும்போது, அடித்தவர்களின் பண்பைக் குறைசொல்வது நியாயமில்லை.

பதில் (எண் 1 சட்டை):

நான் கல்லூரி நாள்களில் கோல்கீப்பராக ஆடியவள், புல்தரை ஹாக்கிதான். வாங்கிக் கட்டிக்கொள்ளும் பக்கத்திலிருந்து இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன்.

ஒன்றில் 14 கோல்கள் விழுந்தன. கடைசிக் கால் பகுதியில் எதிரணியினர் இரக்கப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள் போலும்: பதினொரு பேரும் பந்தைத் தொட்ட பிறகே கோலுக்கு அடிப்பது என்று தீர்மானித்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தள்ளத் தள்ள ஏழு, எட்டு, ஒன்பது என்று வாய்விட்டு எண்ணவும் செய்தார்கள். எங்கள் தடுப்பாட்டக்காரிகள் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, பார்வையாளர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடங்களில் ஒரு கோல்கூட விழவில்லை என்றாலும், நான் மறக்க விரும்புவது அந்தப் பதினைந்து நிமிடங்களைத்தான்.

இன்னொன்றில் 16 கோல்கள். அந்த அணி கடைசி வரை தன் வழக்கமான ஆட்டத்தையே ஆடியது; எதிரணியின் தவறுக்காகக் கோலடிக்கக் கிடைக்கும் வாய்ப்பான பெனால்டி கார்னர்களை மட்டும் புதியவர்களிடம் கொடுத்தது, கோல் அடித்ததும் கொண்டாடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பியது. அன்று நான் இருபதுக்கும் மேற்பட்ட அடிகளைத் தடுத்தேன். அவர்கள் உண்மையாகவே அடித்ததால்தான் அந்தத் தடுப்புகளுக்கு மதிப்பு. எண்ணிக்கையை வைத்து மட்டும் அவமானத்தை அளக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதில் (மேல்தளம்):

களத்தில் நிற்பவர்களிடம் மட்டுமே இதற்கு விடை தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1998 முதல் 2022 வரை நடந்த ஏழு ஒலிம்பிக் மகளிர் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டங்களில், 2006 ஒன்றைத் தவிர மற்ற ஆறிலும் அமெரிக்காவும் கனடாவும்தான் மோதின. வான்கூவர் போட்டிகளின்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் ஜாக் ரோக், முன்னேற்றம் இல்லாமல் இப்படியே தொடர முடியாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். அது வெறும் மிரட்டல் அல்ல. 2004 ஏதென்ஸில் அமெரிக்க சாஃப்ட்பால் அணி தொடர் முழுவதும் 51 ஓட்டங்கள் எடுத்து ஒன்றே ஒன்றை விட்டுக்கொடுத்தது, அடுத்த ஆண்டே அந்த விளையாட்டை ஒலிம்பிக்கிலிருந்து நீக்க வாக்களித்தார்கள்.

2014 முதல் வலுவான அணிகளை ஒரே பிரிவில் வைக்கும் முறை வந்தது. அதன் பிறகும் 2022 பெய்ஜிங்கில் கனடா அந்த வலுவான பிரிவுக்குள்ளேயே சுவிட்சர்லாந்தை 12-1 என்றும் பின்லாந்தை 11-1 என்றும் வென்று, தொடரில் மொத்தம் 57 கோல்கள் அடித்தது. அட்டவணையை மாற்றியதால் 18-0 என்பது 12-1 ஆயிற்று, அவ்வளவே. மற்ற நாடுகளில் பெண்களுக்குப் பனித்தளத்தில் பயிற்சி நேரமும், ஊதியம் தரும் லீக் ஆட்டங்களும் கிடைக்காதவரை, கனடா எத்தனை கோலோடு நிறுத்திக்கொண்டாலும் இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

மறுமொழி (நடுக்கோடு):

பத்துக் கோல் என்று நான் போட்ட கோட்டை, கோல்கீப்பர் தோழி எழுதியதைப் படித்த பிறகு அழித்துவிடுகிறேன். ஆனால் 82-0 மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த ஆட்டத்தில் ஒரே வீராங்கனை பத்துக் கோல்கள் அடித்தார் என்பதைப் பார்க்கும்போது, புதியவர்களுக்கு வாய்ப்பு என்ற விளக்கம் அங்கே முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. பல்கேரியா அந்தத் தொடரின் நான்கு ஆட்டங்களில் 192 கோல்களை வாங்கியது, அடித்தது ஒன்றே ஒன்று. குரோஷியாவிடம் 30-1 என்று தோற்ற ஆட்டத்தில்.