கருக்கரிவாள் அறுவடை இன்னும் எங்கேனும் இருக்கிறதா?

ஈசூன்வாசி:
திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் வளர்ந்து, 1994இல் சிங்கப்பூருக்கு வந்தேன். விடியுமுன்பே ஆட்கள் வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாலைந்து நெல் தூர்களைச் சேர்த்துப் பிடித்து, பல் வைத்த கருக்கரிவாளால் அறுத்து அரியரியாகப் போட்டுச் செல்வதை வரப்பில் நின்று பார்த்தவன் நான். சென்ற தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஓர் அரிவாளைக்கூடக் காணவில்லை. கையறுவடை அடியோடு நின்றுவிட்டதா?

தேக்கா வாசகர்:
அடியோடு நிற்கவில்லை, ஐயா. செயின் வண்டியும் (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) புதையும் ஆழச் சேற்றிலும், வண்டி திரும்ப இடமில்லாத சிறு துண்டு நிலங்களிலும் இன்றும் ஆள்வைத்து அறுக்கிறார்கள். ஆனால் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் நெல் விளையும் ஊரான செக்கிஞ்சானுக்குச் சென்றிருந்தேன். அங்கும் இயந்திரமே அறுக்கிறது.

ஜூரோங் அம்மா:
அறுப்பது, அடிப்பது, தூற்றுவது ஆகிய மூன்றையும் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் என் தாயார் களத்தில் மரக்காலால் அளந்து வாங்கிய கூலி நெல்லில்தான் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் உலை கொதித்தது. அந்தக் கூலி போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வைக்கோலும் நசுங்கி வயலிலேயே சிதறுவதால், அதைச் சுருட்டிக் கட்ட இன்னோர் இயந்திரம் வர வேண்டியிருக்கிறது.

ஈசூன்வாசி:
நன்றி, அம்மா. எங்கள் கொல்லையிலும் இப்போது வைக்கோற்போர் இல்லை.