கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது, ஏன்?

தென்றல்77:
தம்பிக்கு பைக் விபத்து நடந்து 2 மாதம். காயம் ஆறிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது. கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தால் தலை சுற்றி விரல் நுனி மரத்துப்போகிறதாம். வேறு வழி உண்டா?

வேர்க்கால்:
'ஆழமாக இழு' என்பதில்தான் சிக்கல். பயத்தில் மூச்சு ஏற்கெனவே வேகமாக ஓடும். அதன்மேல் பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல் அதனால்தான். இதயத்துடிப்பு தணிவது மூச்சை விடும்போது. மூளையிலிருந்து இறங்கி இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி அப்போதுதான் கூடும். மூக்கால் 4 எண்ணும்வரை சாதாரணமாக இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடட்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு, 3 நிமிடம். நடுவில் அடக்க வேண்டாம்.

கண்ணையும் மூட வேண்டாம். விபத்துக்குப் பிறகு உடம்பு ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடினால் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் மிஞ்சும். முதலில் பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி, கழுத்தை மெதுவாகத் திருப்பி, கதவு, சன்னல், மூலை என்று பார்த்து, கண்ணில் படும் 5 பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும். மூச்சுப் பயிற்சி அதற்குப் பிறகு.

கீழைக்காற்று:
படபடப்பு உச்சத்தில் இருந்தால் எண்ணவே வராது. அப்போது குளிர்ந்த நீர் உதவும். அகலமான பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர். குனிந்து, மூச்சை அடக்கி, நெற்றியும் கண்ணும் கன்னமும் மூழ்க 15 முதல் 30 விநாடி. நீரில் முங்கும்போது இதயத்துடிப்பு தானாகக் குறையும் அனிச்சைச் செயல் இது. பிடரியில் தெளித்தால் அது வராது, முகம் நனைய வேண்டும்.

வேர்க்கால்:
கீழைக்காற்று, ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதய நோய் இருப்பவர்களும், படபடப்புக்கு ப்ராப்ரனலால் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. அந்த மாத்திரையே துடிப்பைக் குறைக்கும்.

தென்றல்77:
அவன் அந்த மாத்திரைதான் எடுக்கிறான். நல்லவேளை சொன்னீர்கள். ராத்திரி உடம்பெல்லாம் விறைத்துக் கிடக்கிறதே, அதற்கு?

மணல்வீடு:
தசையை இறுக்கித் தளர்த்தும் முறை, ஜேக்கப்சன் முறை என்பார்கள். கை முஷ்டி, தோள், முகம், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி அந்தத் தளர்வைக் கவனிப்பது. முழு பலத்தில் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும், முக்கால் பலம் போதும். அடிபட்ட இடத்தைத் தொடாமல் விடுங்கள். எதையும் அமைதியான நேரத்தில் தினம் 2 தடவை பழகினால்தான் ஹாரன் கேட்கும்போது கைகொடுக்கும்.

உணர்வே இல்லாமல் மரத்து உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். இன்னும் அமுங்கிப்போவான். சுவரை உள்ளங்கையால் தள்ளுவதும் நடப்பதும்தான் அப்போது சரி.

ஒரு மாதம் தாண்டியும் தொடர்வதால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.