வீட்டில் படகு கட்ட வேண்டும், வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும்

வணக்கம். எங்கள் வீட்டு கார் ஷெட்டில் இருவர் உட்காரும் துடுப்புப் படகு ஒன்றை பிளைவுட்டில் கட்ட ரொம்ப நாள் ஆசை. பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எப்பாக்ஸி பசையும் கண்ணாடியிழைப் பட்டையும் போட்டு இறுக்கும் முறை. 1963-இல் பிரிட்டனில் வந்த மிரர் பாய்மரப் படகு கிட்டத்தட்ட இப்படித்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் உருவானது. தச்சு வேலை பழகாதவர்களும் கட்டினார்கள்.

வீட்டுக்காரர், அதாவது என் கணவர், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. பணம், இடமெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்வோம். பையனுக்கு வீசிங் இருப்பதுதான் அவருடைய பெரிய கவலை. அது நியாயம். எப்பாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் லேசில் போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூசி அதைவிட மோசம். கையுறையும் மாஸ்க்கும் எனக்குப் போதும், பிள்ளைக்கு?

இன்னொன்று, அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். அவர் கரையில் நிற்க, நான் மட்டும் துடுப்பு போடுவதில் எனக்கு விருப்பமில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகு கட்டியவர்கள் பசை, தேய்ப்பு வேலைகளை எங்கே செய்தீர்கள்? சென்னைப் பக்கம் அதற்கு மட்டும் பட்டறை வாடகைக்குக் கிடைக்குமா? ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 6 மி.மீ. கனத்தில் எங்கே வாங்கலாம்? தண்ணீருக்குப் பயந்த துணையை எப்படிப் பழக்கினீர்கள்? பெரியவர்களுக்குப் பொறுமையாக நீச்சல் சொல்லித் தருபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பதில்களை அவரிடமும் காட்டப்போகிறேன்.