தோவாளைப் பக்கம் அல்ட்ராலைட் பறக்கலாமா? பழைய விமானம் வாங்குவது பற்றி ஒரு கேள்வி

தோவாளைக்காரன்:

வணக்கம். வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்கே இருந்தபோது விடுமுறை நாட்களில் ஒரு பயிற்சியாளரிடம் ட்ரைக் ஓட்டக் கற்றேன். தலைக்கு மேல் முக்கோணத் துணி இறக்கை, கீழே மூன்று சக்கர வண்டி, கையில் ஒரு குறுக்குக் கம்பி, அந்த வகை. தனியாகவும் பறந்திருக்கிறேன்.

இப்போது வெளிமாநிலத்தில் ஒருவர் இரண்டு இருக்கை அல்ட்ராலைட் (மிகவும் எடை குறைந்த சிறு) விமானம் ஒன்றை விற்கிறார். இது ட்ரைக் இல்லை. வால், சுக்கான், கட்டுப்பாட்டுத் தடி எல்லாம் உள்ள சாதாரண விமான அமைப்பு. ரோட்டாக்ஸ் 582 எஞ்சின். கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்கிறது, சில ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நிற்பதால் புதிது போல இருக்கிறது என்கிறார். தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே எங்கள் குடும்பத்துக்கு நீளமான தரிசு நிலம் உண்டு. அங்கிருந்து பறக்கலாம் என்று நினைக்கிறேன். சொந்த நிலத்துக்கு மேலே, தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறந்தால்கூட உரிமம் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிட்டர், தக்கலை:

தம்பி, விமானப்படையில் எஞ்சின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறகு கர்நாடகத்தில் சிறு விமானங்கள் வைத்திருந்த ஒருவரிடம் பராமரிப்பு வேலை பார்த்தேன். நீ கேட்டதற்கு முன்னால் நீ கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ட்ரைக்கில் கம்பியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும். நீ வாங்கப்போகும் விமானத்தில் தடியை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகும். தரையில் ஓடும்போதும் அப்படித்தான். ட்ரைக்கில் வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும்; இதில் வலது கால் என்றால் வலப்பக்கம். நிதானமாக இருக்கும்போது இது உனக்கு நினைவிருக்கும். தரையிலிருந்து இரண்டு பனை உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால் உன் கை பழைய பழக்கப்படிதான் இழுக்கும். ஆகவே ட்ரைக்கில் பறந்த நேரத்தை இதற்குக் கணக்கில் சேர்க்காதே. அதே வகை விமானத்தில் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து படி.

இலகு விமானத்தில் எஞ்சின் நின்றால் வேகம் நொடிகளில் கரைந்துவிடும். எடை குறைவு, காற்றின் இழுவை அதிகம். உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். திரும்பிப் போய் ஓடுபாதையிலேயே இறங்கிவிடலாம் என்ற ஆசைதான் ஆளைக் கொல்வது. நேராகப் பறக்கையில் இறக்கை தாங்காமல் விமானம் விழும் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். 45 பாகை சாய்த்துத் திரும்பினால் அது 77 ஆகிவிடும், 60 பாகையில் 92. எஞ்சின் இல்லாமல், பதற்றத்தில், தாழ்வாகத் திரும்புகிறவன் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவான். நேர் எதிரே கொஞ்சம் இடமோ வலமோ, வாழைத் தோட்டமானாலும் சரி, அதில் இறங்கு. வாழை வெட்டியதற்கு நஷ்டஈடு கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எஞ்சின். 582 இரட்டைப் பற்றவைப்பு உள்ள, தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக். நல்ல எஞ்சின்தான். ஆனால் அதைச் செய்தவர்களே இது எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். முழுப் பராமரிப்புக்கு அவர்கள் வைத்த கெடு 300 மணி நேரம் அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. 'ஓடவில்லை, அதனால் புதிது' என்பது விற்பவர் பேச்சு. நின்ற எஞ்சினில் கிராங்கு பேரிங் துருப்பிடிக்கும், சீல் காயும், கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பரில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகக் கூடுதல் காற்று போனால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஓட்டும்போதும், தண்ணீர் 60 டிகிரிக்கு வருமுன் முழு விசை கொடுக்காதே. நீண்ட இறக்கத்தில் விசையை முழுக்க மூடிக்கொண்டே வராதே. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே போகிறது; பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவில் செத்தது பழைய விமானம் ஒன்றை வாங்கிய புதிதில்தான். அதைக் கட்டியவர் பெட்ரோல் தொட்டியை மாற்றும் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப முழு உடம்பையும் முறுக்க வேண்டும். அது சரியாகத் திரும்பவில்லை என்று இடுக்கியைக்கூட மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோல் குறைவாக இருந்தும் நிரப்பாமல் கிளம்பினார். நீ வாங்கினால் ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விசையையும் தொட்டுப் பழகு.

உரிமம்? கட்டாயம் வேண்டும். சொந்த நிலம், தாழ்வான உயரம் என்றெல்லாம் நம் நாட்டில் விலக்கு கிடையாது. இரண்டு இருக்கை, 450 கிலோவுக்குள் என்றாலும் அது விமானம்தான். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவு, உரிமம், மருத்துவச் சான்று எல்லாம் உண்டு. பறப்பதற்கு வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், மேற்கே திருவனந்தபுரம் விமான நிலையம். இந்த மூன்றுக்கும் நடுவில் கேட்காமல் பறந்தால் உன்னைத் தேடி வருகிறவர்கள் டிஜிசிஏ ஆட்களாக மட்டும் இருக்க மாட்டார்கள்.

காற்றாலை வேலை:

முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எஞ்சின் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை. இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இத்தனை காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதற்குக் காரணம் எதுவோ, அதேதான் நீங்கள் இங்கே பறக்கக் கூடாது என்பதற்கும் காரணம். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வந்து இரு பக்க மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. இடம் குறுகக் குறுக வேகம் கூடும். விடியற்காலையில் தரையில் இலை அசையாது, பறப்பதற்கு ஏற்ற நேரம் என்று தோன்றும். கோபுர உச்சிக்குப் போனால் அங்கே காற்றின் வேகம் அளக்கும் அனிமோமீட்டர் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். இரவில் குளிர்ந்த தரைக்காற்று தனியாகப் படுத்துக்கிடக்க, மேலே உள்ளது தன் போக்கில் ஓடும். நீங்கள் ஏறும்போது அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

ஒரு கணக்கு. உங்கள் விமானம் 90 கிலோமீட்டர் வேகம், மேலே காற்று 50. காற்றோடு கிழக்கே 20 கிலோமீட்டர் போக 9 நிமிடம்கூட ஆகாது. திரும்பி வர அரை மணி நேரம். பெட்ரோல் அளவை இப்படிப் பார்த்துத்தான் போட வேண்டும்.

காற்றாலைக்குப் பின்புறம் கலங்கிய காற்று, இறக்கைச் சுற்றின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட நீளும். குன்றின் மறைவில் காற்றே இல்லாதது போலிருக்கும் இடத்தில் கீழ்நோக்கிச் சுழலும். பழைய காற்றாலைகளிலிருந்து துணைமின் நிலையத்துக்குப் போகும் கம்பிகளும் உண்டு. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் பார்க்க முடியும். கடக்க வேண்டுமென்றால் கம்பத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை இந்த நிலத்தை மறந்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குளச்சல் போட் மெக்கானிக்:

எனக்கு விமானம் தெரியாது, டூ ஸ்ட்ரோக் தெரியும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கடற்கரை ஈரத்தில் நாள்படக் கேனில் கிடந்தால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகத் தங்கிவிடலாம். அப்போது டூ ஸ்ட்ரோக் எண்ணெய் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு எண்ணெயே இல்லாத கலவைதான் போய்ச் சேரும். நீளமான கண்ணாடிக் குழாயில் பெட்ரோலும் அளந்த தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். அடியில் நிற்கும் தண்ணீரின் அளவு கூடியிருந்தால் எத்தனால் இருக்கிறது.

கடலில் எஞ்சின் நின்றால் நாங்கள் நங்கூரம் போட்டுக்கொண்டு பிளக் மாற்றுவோம். மேலே அதற்கு வழியில்லை. சொத்தவிளைக் கடற்கரை மணலில் இறங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சக்கரம் புதைந்து கவிழ்ந்துவிடும். தண்ணீருக்கு மேலே போவதென்றால் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். ஆனால் வெளியே வந்த பிறகுதான் அதில் காற்றை நிரப்ப வேண்டும். கவிழ்ந்த விமானத்துக்குள் ஊதிவிட்டால் அது உங்களைத் தூக்கி உள்ளேயே அழுத்தி வைத்துவிடும்.

தோவாளைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நிலத்தை விட்டுவிட்டேன். உரிமம், பயிற்சி இரண்டையும் முடித்துவிட்டு, அனுமதி உள்ள ஓடுதளத்திலேயே விமானத்தை நிறுத்திக்கொள்கிறேன். பிட்டர் அண்ணன், விற்பவரிடம் எஞ்சின் பதிவேடு கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்கிறார். விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பழைய பிட்டர், தக்கலை:

பதிவேடு வராவிட்டால் எஞ்சினுக்கு விலை பூஜ்யம். முழுப் பராமரிப்புச் செலவை விசாரித்து அதையும் கழித்துக்கொள். சட்டகத்துக்கு மட்டும் பேசு. பேசுவதற்கு முன் இறக்கைத் துணியின் பலத்தைச் சோதிக்கச் சொல். இறக்கைக்குப் போடும் டேக்ரான் என்ற பாலியஸ்டர் துணி வெயிலில் நின்றிருந்தால் பார்க்க நன்றாக இருந்துகொண்டே கிழியும். கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கப்பி வழியாகப் போகும் இடங்களில் துணியால் துடைத்துப் பார், நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. அலுமினியக் குழாய்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். போகும் தேதியைச் சொல், நானும் வருகிறேன். ரயில் டிக்கெட்டை நீ போட்டுவிடு, கீழ்ப் படுக்கையாக இருக்கட்டும்.