50 பிபிஎம் குளோரினில் கிருமி பிழைக்குமா?

லேப்காரன்: நேற்று நேர்வழி எழுதியது: "அமெரிக்கக் கோழி ஆலைகளில் அறுத்த கோழியைக் குளிரவைக்கும் தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறார்கள். 50 பிபிஎம் குளோரின் இருப்பதால் ஒரு கிருமியும் பிழைக்காது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 50 பங்கு குளோரின் என்பது, தொட்டிக்கு உள்ளே வரும் தண்ணீரில் அளக்கும் உச்ச வரம்பு. தொட்டிக்குள் ரத்தமும் கொழுப்பும் சேர்ந்து குளோரினைத் தின்றுவிடும்.

நேர்வழி: அந்த 50 அரசு அனுமதித்த அளவு. அரசாங்கத்துக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

லேப்காரன்: ஏழு வருடம் கோழி ஆலை லேபில் நின்றவன் நான். காலையில் தொட்டித் தண்ணீரில், குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி பொடியைப் போட்டால் ரோஸ் நிறம் பளிச்சென்று வரும். மதியம் அதே தொட்டியில் எடுத்துப் போட்டால் நிறமே ஏறாது. இன்னொன்று, தொட்டியிலிருந்து எடுத்துத் திரும்பச் சுற்றிவிடும் ரத்தம் கலந்த சிவப்புத் தண்ணீருக்கு அமெரிக்காவில் வரம்பு 5 பிபிஎம்தான். 50 இல்லை!

நேர்வழி: 50 என்றுதான் நான் படித்தேன். 50தான்.

கொங்குக்குரல்: குளோரினில் கழுவிய கோழியை ஐரோப்பா 1997-லேயே தடுத்துவிட்டது. அதைப் பேசுங்கள்.

நேர்வழி: அது வியாபாரச் சண்டை. முன்பு நடந்த கருவாட்டு விவாத இழையில் பதில் சொல்லாமல் ஓடியவர் இங்கே வந்து ஐரோப்பா பேசுகிறார்.

கொங்குக்குரல்: ஓடவில்லை. அன்று வீட்டில் விசேஷம்.

லேப்காரன்: கருவாட்டை விடுங்கள் சார். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 7.5-ஐத் தாண்டினால் குளோரினில் பாதிக்கு மேல் வீரியம் குறைந்த வடிவத்துக்குப் போய்விடும். குளிர் 4 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் லிஸ்டீரியா என்ற கிருமி வளரும். சால்மோனெல்லா என்ற கிருமி வளராது, ஆனால் சாகாமல் கிடக்கும். குழாயின் உள்சுவரில் கிருமிகள் வழுவழுவென்று படலம் கட்டிவிட்டால் உங்கள் 50 அதன் அடிவரைக்கும் போகாது. அங்கே பல ஆலைகள் குளோரினை விட்டுப் பெர்அசெட்டிக் அமிலம் என்ற வேறு கிருமிநாசினிக்கு மாறியது சும்மாவா?

நேர்வழி: மாறினால் மாறட்டும். 50 போட்டால் சாகுமா சாகாதா? நேராகச் சொல்லுங்கள்.

லேப்காரன்: சுத்தத் தண்ணீரில் சாகும். ரத்தத் தண்ணீரில் அந்த 50 இருக்கவே இருக்காது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கொங்குக்குரல்: என்னை ஓடியவன் என்றதற்கு மன்னிப்பு வரவில்லை.

நேர்வழி: சரி, லேபில் இருந்தேன் என்கிறீர்களே, எந்த ஆலை? பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லேப்காரன்: பெயர் எதற்கு? ஒரு வாளி தொட்டித் தண்ணீரும் ஒரு சிட்டிகை பொடியும் போதும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

நேர்வழி: 50 பிபிஎம். அவ்வளவுதான்.